செண்பகப்பூ எண்ணெய்: அடுப்பில்லாமல் மணம் ஏற்றும் வழி

செண்பகப்பூவை எண்ணெயில் போட்டுக் காய்ச்சாதீர்கள். சூடு ஏறியதும் மணம் வீடெங்கும் பரவிவிடும். எண்ணெயில் மிஞ்சுவது கருகல் வாடைதான். முதலில் எள்ளுக்கு மணத்தை ஏற்றி, பிறகு அந்த எள்ளை ஆட்டுவதே பழைய முறை.

காரைக்குடிப் பக்கத்துச் செம்மண் காட்டில் செண்பகத்துக்குத் தண்ணீர் காட்டியாக வேண்டும். எங்கள் மரம் கிணற்றடியில் நிற்பதால் பிழைத்தது. நடுவதானால் ஒட்டுக்கன்று வாங்குங்கள்; விதைக்கன்று பூக்க வெகு காலம் ஆகும்.

ஒரு கிலோ எள்ளைக் கழுவி, கடித்தால் நறுக்கென்று உடையும்வரை காயவையுங்கள். வெயில் ஏறுமுன் கால் கிலோ பூப் பறித்து, பனி ஈரம் போக நிழலில் ஒரு மணி நேரம் உலர்த்துங்கள். இதழை மட்டும் கிள்ளி எடுத்துக்கொண்டு, நடுவில் இருக்கும் பச்சைத் தண்டை எறிந்துவிடுங்கள். ஈரமெல்லாம் அதில்தான்.

பித்தளைத் தாம்பாளத்தில் விரற்கடை உயரம் எள், மேலே இதழ், மறுபடி எள் என்று அடுக்கி, வெள்ளைத் துணியால் மூடி, வீட்டுக்குள் இரண்டாம் கட்டுப் பகுதியில் நிழலாக வையுங்கள். மறுநாள் இதழ்கள் காப்பிப்பொடி நிறத்தில் சுருண்டு கிடக்கும். சலித்து எடுத்துவிட்டு, எள்ளைத் துணியில் பரப்பி ஆறவிட்டு, புதுப் பூ அடுக்குங்கள். இப்படி ஏழு நாள்.

ஆறவிடுவதில் அவசரம் வேண்டாம். முதல் தடவை நான் அவசரப்பட்டேன். நாலாம் நாள் தாம்பாளத்தின் ஓரத்தில் வெள்ளைப் பூசணம். ஒரு கிலோ எள்ளும் குப்பைக்குப் போயிற்று. அப்பத்தா ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது.

இவ்வளவு கொஞ்சம் எள்ளை மரச்செக்கில் ஆட்டமாட்டார்கள். வீட்டுக்கான சிறிய எண்ணெய் இயந்திரம் போதும். அதில் முன்பு கடலை ஆட்டியிருந்தால் கழுவித் துடைத்துக் காயவைத்த பிறகே எள்ளைப் போடுங்கள். கடலை வாடை செண்பகத்தை அமுக்கிவிடும். ஏறக்குறைய நானூறு மில்லி கிடைக்கும். கண்ணாடிச் சீசாவில் மூன்று நாள் தெளியவிட்டு வடிகட்டுங்கள்.

இது தலைக்குத் தேய்க்கும் எண்ணெய், அத்தர் இல்லை. அத்தருக்கு உத்தரப் பிரதேசத்துக் கன்னோஜில் பூவைச் செம்புப் பானையில் வேகவைத்து, ஆவியைச் சந்தன எண்ணெயில் இறக்குகிறார்கள். வீட்டில் செய்யக்கூடிய காரியமில்லை.

புண்ணாக்கும் மணக்கும். எங்கள் மாடு முதல் நாள் முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. மறுநாள் தொட்டியை நக்கியே துடைத்திருந்தது.