இன்வேர்ட்டர் பத்து நிமிடத்தில் நின்றது ஏன்?

ஹட்டனில் எங்கள் லயன் வீட்டில் 12 வோல்ட் இன்வேர்ட்டர் போட்டவுடன் நன்றாக ஓடும், பத்து நிமிடத்தில் பெட்டரி குறைவு என்று கத்திவிட்டு நிற்கும். ஆறவிட்டால் மறுபடி ஓடும். நாலு நாள் போனது.

முதலில் பெட்டரியைச் சந்தேகித்து நண்பரின் புது பெட்டரியை மாட்டினேன், அதே கதை. அப்புறம் வயரை மாற்றினேன், மொஸ்பெட் (மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்ச் போன்ற பாகம்) இரண்டை மாற்றினேன், பலனில்லை. மீட்டரில் பீப் வைத்துப் பார்த்தால் எல்லா இணைப்பும் சரி என்றே சொன்னது. ஏமாந்தது இங்கேதான்: மயிரிழை தொட்டுக்கொண்டிருந்தாலும் பீப் அடிக்கும், 30 அம்பியர் போகுமா என்று அது சொல்லாது.

அதனால் லோட் ஓடும்போதே போர்டில் பெட்டரி வயர் மாட்டும் பின்னுக்கும் (உலோக முனை) அது ஈயத்தால் சேரும் செப்புத் தடத்துக்கும் நடுவே வோல்டேஜ் பார்த்தேன். 0.3 வோல்ட்! 30 அம்பியரில் அது 9 வாட் சூடு, அதுவும் ஒரு பொட்டு ஈயத்தில். சூடேற ஏற அந்த இழப்பு இன்னும் கூடியது, போர்டுக்குப் போகும் வோல்டேஜ் குறைந்தது, பெட்டரி இறங்கிவிட்டதாக இன்வேர்ட்டர் எடுத்துக்கொண்டது. டோர்ச் வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தபோதுதான் பின்னைச் சுற்றி வட்டமாக ஒரு மெல்லிய விரிசல் தெரிந்தது. நேராகப் பார்த்தால் கண்ணில் படாது.

பழைய ஈயத்தை முழுக்க உறிஞ்சி எடுத்து, பின்னைச் சுரண்டி, பிளக்ஸ் (ஈயம் நன்றாக ஒட்ட உதவும் பூச்சு) பூசி, பெரிய சோல்டரிங் அயனால் பற்ற வைத்தேன். மேலே ஈயத்தைக் குவிப்பதில் பயன் குறைவு, செம்பைவிட அதன் மின்தடை எட்டு மடங்குக்கும் மேல். ஆகவே தடம் நெடுக தடித்த செப்புக் கம்பியைப் படுக்க வைத்துப் பற்றினேன். இப்போது அதே இடத்தில் 0.01 வோல்ட்தான். நேற்று இரண்டு மணி நேரம் ஓடியது, பெரிய நிம்மதி.