கடிதத்தை ஒட்டாதீர்கள்: பினாங்கு ஈரத்தில் ஒரு கடித ஏடு செய்யும் முறை

போன அக்டோபரில் என் அப்பாயியின் கடிதம் ஒன்றை நானே பாழாக்கிவிட்டேன்.

எங்கள் வீட்டில் ஒரு பழைய பிஸ்கட் டின் உண்டு. எண்பதுகளில் புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பினாங்கில் இருந்த அப்பாவுக்கு வந்த, தாளையே உறையாக மடித்து அனுப்பும் நீல ஏரோகிராம் கடிதங்கள் அதில் அடுக்கிக் கிடக்கும். அப்பாயிக்கு எழுதத் தெரியாது. அவர் சொல்லச் சொல்ல யாராவது எழுதிக் கொடுப்பார்கள். மேலே பிள்ளையார் சுழி, கீழே 'நலம், நலமறிய ஆவல்'. அவற்றை அழகாக ஒரு நோட்டில் ஒட்டி வைக்கலாம் என்று வெள்ளைப் பசையை எடுத்து, முதல் கடிதத்தின் பின்பக்கம் முழுக்கத் தடவி ஒட்டினேன். வெளியே நல்ல மழை. அரை மணி நேரத்தில் தாள் பொரித்த அப்பளம் மாதிரி நெளிந்தது. பேனா மை ஊறிப் பரவியது. பின்பக்கத்தில் என்ன எழுதியிருந்தது என்று படிக்காமலேயே ஒட்டிவிட்டேன் என்பது அப்புறம்தான் உறைத்தது.

அப்பா எட்டிப் பார்த்துவிட்டு, "பின்னாடி கோடாலித் தைலம் கேட்டு எழுதியிருப்பாங்கம்மா, எப்பவும் அதுதான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

அதற்குப் பிறகு எட்டு மாதமாகத் தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டது கீழே. வந்த கடிதங்களை வைக்க ஓர் ஏடு, பதில் அனுப்ப வீட்டுத் தாளிலேயே ஓர் உறை, இரண்டும் இதில் வரும். கத்தரிக்கோல் பிடிக்கத் தெரிந்தால் போதும்.

நோட்டும் பேனாவும்

ஏ5 அளவு, தாள் 120 ஜிஎஸ்எம்முக்கு (தாளின் கனத்தைச் சொல்லும் எண்) குறையாமல் வாங்குங்கள். பள்ளி நோட்டின் மெல்லிய தாள் பசையைத் தாங்காது. என் ஓட்டு வளையம் போட்ட ஃபைலுக்குத்தான். தாளைக் கழற்றலாம், இடையில் செருகலாம், கெட்டுப்போனால் தூக்கிப் போடலாம். தைத்த நோட்டுதான் வேண்டும் என்றால், மூன்று தாளுக்கு ஒரு தாளைத் தையலிலிருந்து இரண்டு விரல் அகலம் விட்டு வெட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் பத்துப் பக்கம் ஒட்டுவதற்குள் நோட்டு முதலை வாய் மாதிரி திறந்து நிற்கும். தாளை முழுசாகக் கிழித்து எடுக்காதீர்கள். தையலின் அந்தப் பக்கம் அதற்கு ஒரு ஜோடித் தாள் இருக்கும், அதுவும் கழன்று வந்துவிடும்.

பேனாவில் எனக்குப் பிடிவாதம் உண்டு: யூனிபால் சிக்னோ கறுப்பு. அதில் இருப்பது நிறமித் துகள் மை. காய்ந்துவிட்டால் தண்ணீருக்கு அசையாது. மைப்பேனாவில் எழுதுவது தனி சுகம்தான், ஆனால் பெரும்பாலான மைப்பேனா மை தண்ணீரில் கரையும் சாய மை. சந்தேகம் இருந்தால் ஒரு வரி எழுதி ஒரு ராத்திரி காயவிட்டு, காலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்துப் பாருங்கள். ஓடினால் அந்தப் பேனாவை மளிகைப் பட்டியல் எழுத வைத்துக்கொள்ளுங்கள்.

பசை

நான் சறுக்கியது இங்கேதான், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

வெள்ளைப் பசையில் தண்ணீர் அதிகம். தண்ணீர் பட்டதும் தாளின் நார் ஊதிப் பெருகும், காயும்போது சுருங்கும். ஒரு பக்கம் மட்டும் ஊறுவதால்தான் நெளிகிறது. நம் ஊர்க் காற்றிலேயே ஈரம் அதிகம், காய்வதற்கும் நேரம் பிடிக்கும். மழை மாதங்களில் கேட்கவே வேண்டாம். அதனால் தாள் வேலைக்கு யூஹூ மாதிரி குச்சிப் பசை, பாரம் தாங்க வேண்டிய இடத்தில் இருபக்க டேப். அவ்வளவுதான்.

சாதாரண ஒட்டுநாடா வேண்டவே வேண்டாம். அப்பாவின் டின்னில் ஒரு கடிதத்தை யாரோ அப்படி ஒட்டி வைத்திருந்தார்கள். நாடா உதிர்ந்துவிட்டது, அது இருந்த இடத்தில் தேநீர் நிறத்தில் ஒரு பட்டை மட்டும் மிச்சம்.

சோற்றுப் பருக்கை? நம் வீடுகளில் உறை ஒட்ட அதுதானே பசை. அனுப்பப் போகும் உறைக்குத் தாராளமாக வையுங்கள், நன்றாகவே பிடிக்கும். ஏட்டுக்கு மட்டும் வேண்டாம். மாவுச்சத்து என்றால் இராமபாணப் பூச்சிக்கு விருந்து. அந்தக் காலத்தில் புத்தகம் கட்டுகிறவர்கள் மைதாப் பசையில் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) கலந்தது பூச்சிக்காகத்தான். மயில்துத்தம் விஷம், பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அந்த யோசனையே வேண்டாம்.

கடிதத்துக்கு ஒரு பை

எவ்வளவு நல்ல பசையாக இருந்தாலும் அசல் கடிதத்தின் மேல் அது படக் கூடாது. கடிதம் ஒரு பைக்குள் இருக்க வேண்டும், ஏட்டில் பைதான் ஒட்டப்பட வேண்டும்.

பைக்குக் காசு செலவழிக்காதீர்கள். உங்கள் வீட்டு இழுப்பறையில் சீனப் புத்தாண்டுக்குப் பணம் வைத்துக் கொடுக்கும் அங்பாவ் உறை, ஹரிராயா (நோன்புப் பெருநாள்) பச்சை உறை, தீபாவளிக்குக் கடைக்காரர் கொடுத்த உறை எல்லாம் கட்டுக்கட்டாகக் கிடக்கும். நல்ல கெட்டித் தாள், மூடியும் உண்டு. உறையின் முதுகில் நான்கு ஓரமும் இருபக்க டேப் போட்டுப் பக்கத்தில் பதியுங்கள். வாய் மேலே பார்த்து இருக்கட்டும். பக்கவாட்டில் வைத்தால் நோட்டைத் தூக்கும்போது கடிதம் வழுக்கி விழும். ஏ5 தாளை மூன்றாக மடித்தால் சுமார் 15-க்கு 7 சென்டிமீட்டர் வரும், நீள உறைக்குள் போய்விடும். ஆனால் பழைய கடிதத்தைப் புதிதாக மடிக்காதீர்கள். முன்பு மடித்த கோட்டிலேயே மடியுங்கள். அதற்கு உறை சின்னதாக இருந்தால் கல்யாணப் பத்திரிகை உறையைப் பாருங்கள். மூலையில் தடவிய மஞ்சள் இருக்கும் பக்கத்தை மட்டும் வெட்டிவிடுங்கள், கடிதத்தில் கறை ஏறும்.

பைக்குள் போடும் முன் கடிதத்தின் இரண்டு பக்கத்தையும் நகல் எடுத்துவிடுங்கள். கடையில் எடுக்கும் ஜெராக்ஸ் போதும், அந்தக் கரித்தூள் எழுத்து ஈரத்தில் ஓடாது. வீட்டு இங்க்ஜெட் பிரிண்டர் நகல் ஓடலாம். பக்கத்தில் நகலை ஒட்டுங்கள், வருவோர் போவோர் அதைப் படிக்கட்டும்.

ஏரோகிராம் ஒன்று இன்னும் பிரிக்கப்படாமல் இருந்தால் விரலை விட்டுக் கிழிக்காதீர்கள். தாளும் உறையும் ஒன்றே என்பதால் இடம் போதாமல் மடிப்பு ஓரம் வரைக்கும் எழுதியிருப்பார்கள். மெல்லிய கத்தியை மடிப்பில் நுழைத்து மெதுவாக அறுங்கள்.

பக்கத்தை நிரப்புவது

இதில் விதி ஒன்றும் இல்லை. நான் செய்வதைச் சொல்கிறேன். கடிதம் வந்த நாளின் நாள்காட்டித் தாளைக் கிழித்து ஒட்டிவிடுவேன், ராகு காலம் எமகண்டத்தோடு. கீழே மூன்று வரி: அன்று மழையா வெயிலா, வீட்டில் என்ன சமையல், கடிதத்தை எங்கே உட்கார்ந்து படித்தேன். மார்ச் மாதத்துப் பக்கம் ஒன்றில் 'கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு, மின்வெட்டு, படிக்கட்டில் உட்கார்ந்து' என்று இருக்கிறது. ஊதுபத்திப் பெட்டியின் அட்டை, லிட்டில் இந்தியாவில் பூ கட்டிக் கொடுத்த தாள், ஃபெரி டிக்கெட், எதுவும் சேரும். வெட்டுவதற்குப் படம் வேண்டுமென்றால் சௌராஸ்தா சந்தை மாடியில் பழைய புத்தகக் கடைகள் இருக்கின்றன. அரை நாள் போய்விடும், சொல்லிவிட்டேன்.

கடை ரசீதை மட்டும் அப்படியே ஒட்டாதீர்கள். அது வெப்பத்தில் கறுக்கும் தாள், மை கிடையாது. சில மாதத்தில் வெறும் வெள்ளைத் துண்டாகிவிடும். அதையும் ஜெராக்ஸ் எடுத்தே ஒட்டுங்கள்.

ஒட்டி முடித்ததும் பக்கத்தின் மேலும் கீழும் கேக் சுடும் எண்ணெய்த்தாள் வைத்து, நோட்டை மூடி, மேலே 10 கிலோ அரிசி மூட்டையைத் தூக்கி வையுங்கள். ஒரு ராத்திரி போதும். கனமான அகராதி என்று எல்லோரும் எழுதுகிறார்கள். அகராதியை விட அரிசி மூட்டை நோட்டின் மேடுபள்ளத்துக்கு ஏற்ப நன்றாக உட்காரும்.

பதிலுக்கு ஓர் உறை

பழைய மாதக் காலண்டர் தாளில் 21 சென்டிமீட்டர் சதுரம் வெட்டுங்கள். ஏ4 தாளின் அகலமும் அதுவே. படம் தரையைப் பார்க்க, சதுரத்தை வைர வடிவில் திருப்பிப் போடுங்கள். ஏ6 அட்டை ஒன்றை நடுவில் படுக்கையாக வையுங்கள். முதலில் இடது வலது முனைகளை அட்டையின் மேல் மடியுங்கள், நடுவில் தொட்டும் தொடாமலும் நிற்கும். அடுத்துக் கீழ் முனையை மேலே மடித்து அந்த இரண்டின் மேல் ஒட்டுங்கள். மேல் முனைதான் மூடி. அட்டையை ஒட்டி இறுக்கி மடிக்காமல் இரண்டு மில்லிமீட்டர் விடுங்கள், இல்லாவிட்டால் கடிதம் உள்ளே போகாது. என் முதல் மூன்று உறையும் அப்படித்தான் வீணாயின.

காலண்டர் தாள் வழவழப்பு, அதில் சாதாரணப் பேனா மை சுலபமாகக் காயாது. முகவரியை வெள்ளைத் தாள் துண்டில் எழுதி உறையில் ஒட்டுங்கள். நான் படத்தின் மேலேயே எழுதி ஈப்போவுக்கு அனுப்பிய ஒன்று, பெறுநர் முகவரி பாதி அழிந்து, எனக்கே திரும்பி வந்தது. பின்பக்கம் ஒட்டியிருந்த அனுப்புநர் முகவரி தப்பித்ததால் வந்தது. அதனால் அனுப்புநர் முகவரியைச் சோம்பல்படாமல் எழுதுங்கள். பெயரைத் தமிழிலும் அழகாக எழுதிக்கொள்ளலாம், ஆனால் முகவரி ரோமன் எழுத்தில் இருக்கட்டும். இங்கே ஐந்து இலக்க அஞ்சல் எண் ஊர்ப் பெயருக்கு முன்னால் வரும். இந்தியாவுக்கு ஆறு இலக்கப் பின்கோடு.

அரக்கு முத்திரை வைக்க ஆசைப்படுகிறவர்களுக்கு: கெட்டி அரக்கு, கடிதம் பிரிக்கும் அஞ்சல் இயந்திரத்தில் உடையும். வேண்டுமென்றால் உள்ளே கடிதத் தாளில் வையுங்கள்.

தபால்தலைக்கு நான் லெபோ டவுனிங் பெரிய அஞ்சலகத்துக்குப் போவேன். கட்டணம் எடையைப் பொறுத்து மாறும், அதனால் கவுண்டரில் நிறுத்துப் பார்த்துவிடுங்கள். தலைக்குப் பதிலாக அச்சடித்த ஒட்டுத்தாளை நீட்டினால் "ஸ்தெம் ஆடா?" (தபால்தலை இருக்கிறதா?) என்று மலாயில் ஒரு வார்த்தை கேளுங்கள். படம் போட்ட தலை ஒட்டிப் போகும் கடிதத்தைப் பெறுபவர் முகம் வேறு மாதிரி இருக்கும்.

பின்சேர்க்கை: இதைப் படித்துவிட்டு கிள்ளானிலிருந்து ஒருவர், பழைய கடிதங்களில் ஏற்கெனவே இராமபாணம் ஓடுகிறது, என்ன செய்வது என்று கேட்டிருந்தார். பாச்சை உருண்டை போடாதீர்கள், அந்த நெடி தாளை விட்டுப் போகாது. காற்றுப் புகாத ஜிப் பையில் கடிதங்களைப் போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றிவிட்டு, ஃப்ரீசரில் ஒரு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைத் திறக்கக் கூடாது. உடனே திறந்தால் குளிர்ந்த தாளில் நீர் பூத்துவிடும். ஒரு நாள் முழுக்க அறையில் வைத்துவிட்டுத் திறங்கள். மீன் வைக்கும் தட்டுக்குப் பக்கத்தில் வேண்டாம் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைத்தேன், அவர் அங்கேதான் வைத்திருந்தாராம்.

இன்னொரு பின்சேர்க்கை: ஒட்டிவிட்ட கடிதத்தை எடுக்க வழியுண்டா என்று இரண்டு பேர் கேட்டார்கள். குச்சிப் பசை என்றால் சில சமயம் மெல்லிய நூலை அடியில் விட்டு மெதுவாக அறுக்கலாம். வெள்ளைப் பசை என்றால் நான் முயன்று தோற்றவள். ஆவி காட்டப் போய் இன்னும் இரண்டு வரி போனது. அந்தப் பக்கம் இப்போதும் ஏட்டில் முதல் பக்கமாக நெளிந்தபடியே இருக்கிறது. அதன் எதிரில் ஓர் அங்பாவ் உறை ஒட்டி, அப்பாவிடம் பேனாவைக் கொடுத்து, பின்பக்கத்தில் என்ன எழுதியிருந்தது என்று நினைவிலிருந்து எழுதச் சொன்னேன். கோடாலித் தைலம் இரண்டு பாட்டில், கைலி ஒன்று, 'கறுப்புக் குடை முடிந்தால்' என்று எழுதினார்.