பயிற்றுவிப்பாளரின் மனத்தைப் படிக்கும்போது நாம் செய்யும் தவறுகள்

சிங்கப்பூரில் காற்பந்து பார்ப்பவர்களுக்குக் ‘கேலோங்’ என்ற மலாய்ச் சொல்லை விளக்கத் தேவையில்லை. கடலில் மரக்கழிகளை நட்டு மீன் பிடிக்கக் கட்டும் அமைப்புக்கு வழங்கிய அந்தப் பெயர், உள்ளே போன மீனுக்கு வெளியே வர வழியில்லை என்பதாலோ என்னவோ, முடிவை முன்பே பேசி வைத்துவிட்டு ஆடும் ஆட்டத்துக்கும் பெயரானது. இப்போது அடுக்குமாடி வீடுகளுக்குக் கீழுள்ள காப்பிக் கடைகளில் துணை நடுவர் தவறாகக் கொடியை உயர்த்தினாலே அந்தச் சொல் ஒலிக்கிறது. அது எவ்வளவு எளிதாக வாயில் வருகிறதோ, அவ்வளவு எளிதாக அடுத்த கேள்வியும் வந்துவிடும்: பயிற்றுவிப்பாளர் ஏன் இப்படிச் செய்தார்? பணத்துக்காகவா, பதவி போய்விடும் என்ற அச்சத்தாலா, பழைய பகையைத் தீர்க்கவா? ஏமாற்றுப் புகார் ஒன்று வெளிவந்த அன்றைக்கே இந்தக் கேள்விக்குப் பத்து விடைகளாவது மேசைக்கு வந்துவிடும். பல ஆண்டுகளாக அத்தகைய மேசைகளில் உட்கார்ந்து நானும் விடை சொல்லியிருக்கிறேன், அவற்றுள் பல பிழையாகவே முடிந்தன. எப்படிப் பிழையாயின என்பதைப் பார்த்தால், திரும்பத் திரும்ப நேரும் சில தவறுகள் தெரிகின்றன.

என் தவற்றிலிருந்தே தொடங்குகிறேன். 2019 ஜனவரி 10 அன்று, இங்கிலாந்தில் டார்பி கவுன்டி குழுவின் பயிற்சித் திடலுக்கு வெளியே ஒருவர் சந்தேகப்படும்படி நிற்பதாகக் காவல்துறைக்குத் தகவல் போனது. அவர் லீட்ஸ் யுனைடெட் குழுவின் ஊழியர் என்று தெரியவந்தது. மறுநாள் இரவு, நமக்கு விடியற்காலை, இரு குழுக்களும் மோதிய ஆட்டத்தில் லீட்ஸ் 2-0 என்று வென்றது. ஆளை அனுப்பியது தாமே என்று லீட்ஸ் பயிற்றுவிப்பாளர் மார்செலோ பியல்சா மறைக்காமல் ஒப்புக்கொண்டார். லீட்ஸ் 2004இல் உச்ச நிலையான பிரிமியர் லீக்கிலிருந்து அடுத்த நிலை லீக்குக்கு இறங்கிய குழு. எப்படியாவது மேலே ஏறியாக வேண்டும் என்ற நெருக்கடி அவரை இந்த அளவுக்குக் கொண்டுவந்துவிட்டது என்று, தே தாரிக் ஆறுவதற்குள், நான் முழுக் கதையையும் விளக்கி முடித்துவிட்டேன். நான்கு பேர் தலையாட்டினார்கள். அந்தக் கதையில் தேதியும் ஆட்ட முடிவும் மட்டுமே செய்தியிலிருந்து வந்தவை; எஞ்சியது நான் இட்டு நிரப்பியது என்பது எனக்கே அப்போது தோன்றவில்லை.

ஐந்து நாள் கழித்துப் பியல்சா செய்தியாளர்களை அழைத்தார். பதவி விலகப்போகிறார் என்று எதிர்பார்த்தவர்கள் இருந்தார்கள். அவரோ ஒரு மணி நேரத்துக்கும் மேலாகத் திரையில் படம் போட்டு விளக்கினார். அந்தப் பருவத்தில் தாம் எதிர்கொண்ட எல்லாக் குழுக்களின் பயிற்சியையும் ஆள் அனுப்பிப் பார்த்ததாகச் சொன்னார். டார்பியின் முந்தைய பருவத்து 51 ஆட்டங்களையும் தம் ஊழியர்கள் அலசியிருப்பதைக் காட்டினார். இவ்வளவு தெரிந்து வைத்திருப்பவருக்கு வேலிக்கு வெளியே ஓர் ஆள் எதற்கு? அப்படிப் பார்ப்பதால் பெரிய பயன் எதுவும் இல்லை, ஆனால் தம் மனப் பதற்றம் குறைகிறது என்பதுதான் அவர் சொன்ன காரணம். காப்பிக் கடையின் பத்து விடைகளில் அது இல்லை. அவர் சொன்னதை அப்படியே நம்ப வேண்டும் என்று நான் சொல்லவில்லை; தம்மைப் பற்றித் தாமே சொல்லும் காரணத்திலும் ஒப்பனை இருக்கலாம். ஆனாலும் நம் ஊகங்கள் எல்லாம் ஆதாயத்தைச் சுற்றியே வந்தன என்பதும், கவலைப்படும் மனிதன் பயனற்ற வேலையையும் செய்வான் என்பது யாருக்கும் தோன்றவில்லை என்பதும் கவனிக்கத்தக்கவை. இத்தனைக்கும், தேர்வு மண்டபத்து வாசலில் புத்தகத்தை நூறாவது முறை புரட்டும் பிள்ளைகளை வீட்டிலேயே பார்ப்பவர்கள் நாம்.

இந்த விவகாரத்தில் நாங்கள் கேட்க மறந்த கேள்வி ஒன்றும் உண்டு. அவர் மீறிய விதி எது? எதிரணியின் பயிற்சியைப் பார்க்கக் கூடாது என்று வெளிப்படையாகச் சொல்லும் விதி, இரு குழுக்களும் ஆடிய அந்த இரண்டாம் நிலை லீக்கில் அப்போது இல்லை. மற்றக் குழுக்களிடம் நல்லெண்ணத்துடன் நடந்துகொள்ள வேண்டும் என்ற பொதுவான விதியின்கீழ்தான் லீட்ஸுக்கு 200,000 பவுண்டு அபராதம் விதிக்கப்பட்டது. ஆட்டத்துக்கு முந்தைய 72 மணி நேரத்தில் எதிரணியின் பயிற்சியைப் பார்க்கக் கூடாது என்ற தெளிவான தடை அதன் பிறகே வந்தது. ‘தெரிந்தே விதியை மீற அவருக்கு எப்படி மனம் வந்தது’ என்று நாங்கள் கேட்டது, அப்போது எழுதப்பட்டே இராத விதியைப் பற்றி. தாம் வந்த நாட்டில் இது தவறாகக் கருதப்படுவதில்லை என்று பியல்சா சொன்னார். அதைச் சாக்கு என்று தள்ளுவதா, விளக்கம் என்று கொள்வதா என்பதைக்கூட, விதி என்ன சொன்னது என்று தெரிந்த பிறகுதான் முடிவு செய்ய முடியும்.

கேலோங் என்ற ஒரே கூடைக்குள் எல்லாவற்றையும் போடுவதால் விளையும் குழப்பமும் இதற்கு நெருங்கியதுதான். பணம் வாங்கித் தோற்பது ஒன்று. உளவு பார்ப்பது வேறு. பிறர் செய்த தவற்றைத் தெரிந்தும் சொல்லாமல் இருப்பது இன்னொன்று. இத்தாலியப் பயிற்றுவிப்பாளர் அந்தோனியோ கொன்டே 2012இல் தடை செய்யப்பட்டபோது, ‘எவ்வளவு வாங்கினாராம்’ என்றுதான் இங்கே பலரும் கேட்டார்கள். அவர் சியெனா குழுவில் இருந்த காலத்தில் ஆட்ட முடிவுகள் பேசி முடிக்கப்பட்டது தெரிந்தும் புகார் செய்யவில்லை என்பதற்கான தடை அது. பத்து மாதம் என்று விதிக்கப்பட்டது பின்னர் நான்கு மாதமாகக் குறைந்தது. அப்போது தாம் பயிற்றுவித்த யுவென்டஸ் குழுவின் ஆட்டங்களை அவர் திடலோரத்தில் நிற்க முடியாமல் பார்வையாளர் பகுதியிலிருந்து பார்த்தார். 2016இல் கிரெமோனா நீதிமன்றம் குற்றவியல் வழக்கிலிருந்து அவரை விடுவித்தது. பணத்தாசை என்ற காரணத்தை 2012இலேயே அவர்மேல் ஏற்றியவர்கள், குற்றச்சாட்டிலேயே இல்லாத ஒன்றுக்குக் காரணம் தேடிக்கொண்டிருந்தார்கள்.

யாருக்கு ஆதாயமோ அவர்தான் செய்திருப்பார் என்ற கணக்கும் பல நேரம் காலை வாரும். அதற்கு நம் வட்டாரத்திலேயே நல்ல சான்று இருக்கிறது. தென்கிழக்காசிய நாடுகள் மோதும் டைகர் கிண்ணக் காற்பந்துப் போட்டியில், 1998இல், தாய்லந்தும் இந்தோனீசியாவும் ஹோ சி மின் நகரில் மோதியபோது இரண்டுமே அரையிறுதிக்குத் தகுதி பெற்றிருந்தன. வெல்லும் குழு ஹனோய்க்குப் போய் உபசரணை நாடான வியட்னாமைச் சந்திக்க வேண்டும். தோற்கும் குழு இருந்த ஊரிலேயே தங்கிச் சிங்கப்பூரைச் சந்திக்கலாம். வெல்ல விரும்பாத இரு குழுக்கள் ஆடிய அந்த ஆட்டம் 2-2 என்று இருந்த கடைசி நேரத்தில், இந்தோனீசியத் தற்காப்பு ஆட்டக்காரர் முர்சித் எஃபெண்டி வேண்டுமென்றே தம் சொந்த வலைக்குள் பந்தைத் தள்ளினார். அனைத்துலக ஆட்டங்களில் விளையாட அவருக்கு வாழ்நாள் தடை கிடைத்தது. இரு நாட்டுச் சங்கங்களுக்கும் தலா 40,000 அமெரிக்க டாலர் அபராதம். முடிவுப் பலகையை மட்டும் பார்த்தால் 3-2 என்று வென்ற தாய்லந்துதான் ஆதாயம் அடைந்த குழு! உண்மையில் அது ஹனோய்க்குப் போய் வியட்னாமிடம் 3-0 என்று தோற்றது. தந்திரம் பலித்ததாக நினைத்த இந்தோனீசியாவைச் சிங்கப்பூர் 2-1 என்று வெளியே அனுப்பியது. இறுதியாட்டத்தில் நம் ஆர். சசிகுமாரின் தோளிலோ முதுகிலோ பட்டு உள்ளே போன ஒரே கோலால் வியட்னாமை வீழ்த்தி, சிங்கப்பூர் முதன்முறையாக அந்தக் கிண்ணத்தை வென்றது. அந்தக் கோலைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் எங்கள் மேசையில் மற்ற பேச்சு நின்றுவிடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆதாயத்தை மட்டும் வைத்துக் குற்றவாளியைக் கண்டுபிடிப்பதென்றால், அந்தப் போட்டியில் நம்மையல்லவா பிடித்திருக்க வேண்டும்?

அடுத்தது அவசரம். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கின்போது, செயின்ட் எட்டியனில் நியூசிலாந்து மகளிர் குழுவின் பயிற்சிக்கு மேலே ஆளில்லா வானூர்தி ஒன்று பறந்தது. அதை இயக்கியவர் கனடா குழுவின் ஊழியர். பயிற்றுவிப்பாளர் பெவ் பிரீஸ்ட்மேன் முதல் ஆட்டத்திலிருந்து தாமாகவே விலகி நின்றார். அந்த ஒரு செயலுக்கே இரண்டு நேர்மாறான பொருள் கூறப்பட்டது: குற்ற உணர்ச்சியால் விலகினார் என்றது ஒரு பக்கம், ஊழியர் செய்த தவற்றுக்குப் பெருந்தன்மையாகப் பொறுப்பேற்றார் என்றது மறுபக்கம். சில நாளில் அனைத்துலகக் காற்பந்துச் சம்மேளனமான ஃபிஃபா அவருக்கு ஓராண்டுத் தடை விதித்து, கனடாவின் ஆறு புள்ளிகளைக் கழித்தது. அந்தத் தீர்ப்பின் விவரம் வெளிவந்தபோதுதான் உறுதியான சான்று ஒன்று கிடைத்தது: உளவு பார்க்க மறுத்த ஓர் ஆய்வாளரை எப்படிக் கையாள்வது என்று அதே ஆண்டு மார்ச் மாதத்திலேயே மனிதவளப் பிரிவினரிடம் ஆலோசனை கேட்டு அவர் மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். ஒரு வாரம் பொறுத்திருந்தால் ஊகத்துக்கே தேவை இருந்திருக்காது. அப்போதும், அவருக்கு என்ன தெரியும் என்பதைத்தான் அந்த மின்னஞ்சல் காட்டுகிறது. டோக்கியோவில் தங்கம் வென்ற ஒருவருக்கு இது ஏன் தேவைப்பட்டது என்பதை அது சொல்லவில்லை. தெரிந்திருந்தது என்பதையும் ஏன் செய்தார் என்பதையும் ஒன்றாக்கிவிடுவது, சான்று கையில் இருக்கும்போதுகூட நேரும் தவறு.

ஊகம் எந்த இடத்தில் செய்தியாக மாறுகிறது என்பதைக் காதால் கேட்டே கண்டுபிடிக்கலாம். தமிழில் அதற்கு ஒரு வசதி இருக்கிறது. ‘அவர்தான் அனுப்பச் சொன்னாராம்’ என்று ஒருவர் சொல்லும்போது, கடைசியில் ஒட்டியிருக்கும் ‘ஆம்’, தாம் பார்க்கவில்லை, பிறர் சொல்லக் கேட்டது என்பதை நேர்மையாகத் தெரிவித்துவிடுகிறது. ஒரு முறை வேண்டுமென்றே கவனித்தேன். முதல் மேசையில் ‘சொன்னாராம்’ என்று இருந்தது, பக்கத்து மேசைக்காரர் தம் மைத்துனரிடம் தொலைபேசியில் பேசியபோது ‘சொல்லியிருக்கிறார்’ ஆயிற்று; காசு கொடுக்க எழுந்த நேரத்தில் வேறொருவர் ‘அவரே சொல்லிவிட்டார்’ என்று, ஏதோ பயிற்றுவிப்பாளர் இவரிடமே வாக்குமூலம் கொடுத்ததுபோலப் பேசிக்கொண்டிருந்தார். யாரும் பொய் சொல்லவில்லை. ஒரு விகுதிதான் வழியில் உதிர்ந்துவிட்டது. அதை உதிராமல் வைத்துக்கொள்வதற்குச் செலவு எதுவும் இல்லை.

விகுதி உதிர்வது எழுத்தில் நேர்ந்தால் விலை கூடும். பெயரைக் குறிப்பிட்டு ஒருவர் லஞ்சம் வாங்கினார் என்று உண்மைபோல எழுதினால், சிங்கப்பூரில் அவதூறு வழக்குக்கு இடமுண்டு. அது தண்டனைச் சட்டத்தின்கீழும் வரும். நீதிமன்றத்தில் நடந்துகொண்டிருக்கும் வழக்கைப் பற்றி எழுதும்போது கூடுதல் கவனம் தேவை.

ஊரையும் இனத்தையும் காரணமாக்குவதைப் பற்றி நமக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஐரோப்பியக் காவல்துறை அமைப்பான யூரோபோல், ஐரோப்பாவில் 380க்கும் மேற்பட்ட ஆட்டங்கள் சந்தேகத்துக்கு உரியவை என்றும் அவற்றில் சிங்கப்பூரைத் தளமாகக் கொண்ட கும்பலுக்குத் தொடர்பு உண்டு என்றும் 2013 பிப்ரவரியில் அறிவித்தது. 2011இல்தான், ஆட்ட முடிவுகளைப் பேசி வைத்ததற்காகச் சிங்கப்பூரரான வில்சன் ராஜ் பெருமாள் பின்லாந்தில் சிறைத் தண்டனை பெற்றிருந்தார். சிங்கப்பூர் என்றாலே சூதாட்டக் கும்பல் என்று வெளிநாட்டார் பேசியபோது, அதிலும் ஒரு தமிழ்ப் பெயரைச் சொல்லிச் சிரித்தபோது, நமக்குச் சுருக்கென்றது. அதே நாம், ‘அர்ஜென்டினாக்காரர்தானே, கையால் கோல் போட்ட மரடோனாவின் ஊரிலிருந்து வந்தவர் வேறு என்ன செய்வார்’ என்று பியல்சாவைப் பற்றிப் பேசியபோது நமக்கு எதுவும் உறைக்கவில்லை.

கெட்ட செயலுக்கு மட்டும்தான் இப்படிக் காரணம் கற்பிக்கிறோம் என்றும் சொல்ல முடியாது. பியல்சா ஆள் அனுப்பிய அதே பருவத்தில், 2019 ஏப்ரல் 28 அன்று, ஆஸ்டன் வில்லா ஆட்டக்காரர் ஒருவர் காயத்தோடு விழுந்து கிடந்தபோது லீட்ஸ் கோல் போட்டது. திடலில் கைகலப்பே வந்துவிட்டது. பியல்சா தம் ஆட்டக்காரர்களை ஒதுங்கி நிற்கச் சொல்லி, வில்லா தடையின்றி ஒரு கோல் போட வழிவிட்டார். ஆட்டம் 1-1 என்று முடிந்தது. லீட்ஸ் வெல்லாததால் ஷெஃபீல்ட் யுனைடெட் பிரிமியர் லீக்குக்கு ஏறியது உறுதியாயிற்று. ஃபிஃபா அந்த ஆண்டின் நேர்மை ஆட்ட விருதை அவருக்கும் அவருடைய குழுவுக்கும் வழங்கியது. ஜனவரியில் ஆள் அனுப்பிய கறையைக் கழுவத்தான் அந்த ஏப்ரல் கோல் என்று எங்கள் மேசையில் ஒருவர் விளக்கினார். எப்படித் தெரியும் என்று கேட்டேன். ‘எல்லாரும் சொல்கிறார்களாம்’ என்றார். விகுதி இருந்தது, அவ்வளவுக்கு எனக்கு மகிழ்ச்சிதான்.