பழைய பிளாஸ்டிக் பொம்மை சேகரிக்கப் போகிறீர்களா? மூக்கிலிருந்து தொடங்குங்கள்

பழைய பிளாஸ்டிக் பொம்மைகளைச் சேர்க்க ஆசைப்படுபவர்கள் முதலில் கேட்பது, "எந்தப் பொம்மைக்கு மவுசு அதிகம்?" என்றுதான். அந்தக் கேள்வி கொஞ்சம் காத்திருக்கட்டும். முதலில் கேட்க வேண்டியது, கையில் இருப்பது என்ன பிளாஸ்டிக் என்பதை. பிளாஸ்டிக் அழியவே அழியாது என்று நாம் நம்பிக்கொண்டிருக்கிறோம். குப்பைமேட்டில் வேண்டுமானால் அப்படி இருக்கலாம். அலமாரியில் வைத்த பொம்மை வியர்க்கும், சுருங்கும், வெடிக்கும், பக்கத்தில் இருப்பதையும் சேர்த்துக் கெடுக்கும். எது எப்படிக் கெடும் என்பது அது என்ன பிளாஸ்டிக் என்பதைப் பொறுத்தது. வயதைக் கணிப்பது, கழுவுவது, வைக்கும் இடம் எல்லாமே அதிலிருந்துதான் தொடங்குகின்றன.

படி 1: வட்டத்தைச் சிறிதாகப் போடுங்கள்

கண்ணில் பட்டதெல்லாம் வேண்டும் என்று இறங்கினால் வீடு சீக்கிரமே குடோன் ஆகிவிடும். ஒரு வகை, ஒரு காலம், ஒரு நாட்டு முத்திரை, ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். விசில்கள் மட்டும், சாவிக்கொத்துப் பொம்மைகள் மட்டும், 1960களின் ஹாங்காங் பொம்மைகள் மட்டும், இப்படி. தொடங்குபவர்களுக்கு என் சிபாரிசு, தின்பண்டப் பாக்கெட்டுக்குள் இலவசமாக வந்த குட்டிச் சாமான்கள். அமெரிக்காவின் கிராக்கர் ஜாக் என்ற தின்பண்டம் 1912 முதல் பொட்டலத்துக்குள் பரிசு வைத்தது. காகிதம், தகரம் என்றிருந்த அந்தப் பரிசுகளில் இரண்டாம் உலகப்போருக்குப் பின் பிளாஸ்டிக் புகுந்தது. 1974இல் இத்தாலியில் அறிமுகமான கிண்டர் சாக்லேட் முட்டைக்குள் வந்த பொம்மைகளை மட்டுமே சேர்ப்பவர்கள் ஒரு தனிக் கூட்டம். இவை இடத்தை அடைக்காது, தப்பாக வாங்கினாலும் கையைக் கடிக்காது. பிளாஸ்டிக்கைத் தொட்டுப் பழகவும் நிறையக் கிடைக்கும்.

படி 2: என்ன பிளாஸ்டிக் என்று கண்டுபிடியுங்கள்

இதற்கு ஆய்வகம் வேண்டாம். மூக்கு, விரல் நகம், காது, ஒரு கிண்ணம் தண்ணீர் போதும். பொம்மையைக் கட்டைவிரலால் சூடு ஏறும் வரை வேகமாகத் தேய்த்து உடனே முகர்ந்து பாருங்கள். பாதி விஷயம் அங்கேயே தெரிந்துவிடும்.

கற்பூர வாடை வந்தால் அது செல்லுலாய்ட். 1870களிலிருந்து 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை பொம்மைகள், கிலுகிலுப்பைகள், தண்ணீரில் மிதக்கும் வாத்துகள் என்று ஏராளமாக இதில் செய்தார்கள். நைட்ரோசெல்லுலோஸும் கற்பூரமும் சேர்ந்த கலவை என்பதால்தான் அந்த வாடை. ஜப்பான் இந்தத் தொழிலில் முன்னுக்கு வந்ததற்கும் கற்பூரமே ஒரு காரணம். அப்போது அதன் பிடியில் இருந்த தைவானில் கற்பூர மரங்கள் மிகுதி. செல்லுலாய்ட் பொம்மை ஓடு போல மெல்லியது, உள்ளே கூடு, கையில் எடுத்தால் கனமே தெரியாது. தீப்பொறி பட்டால் குப்பென்று பற்றிக்கொள்ளும். "ஊசியைக் காய்ச்சிக் குத்திப் பார்த்தால் என்ன பிளாஸ்டிக் என்று தெரிந்துவிடும்" என்று யாராவது யோசனை சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், செய்யாதீர்கள். பொம்மையும் போகும், விரலும் போகும்.

வினிகர் வாடை வந்தால் செல்லுலோஸ் அசிடேட், அதுவும் சிதையத் தொடங்கிவிட்ட ஒன்று. செல்லுலாய்டைப் போலச் சட்டென்று பற்றாது என்பதால் அதற்குப் பதிலாக வந்தது இது. ஆனால் காலப்போக்கில் கோணிக்கொள்ளும். லெகோ கட்டைகள் இதற்கு நல்ல உதாரணம். இன்றைய வடிவத்துக்கு 1958 ஜனவரியில் காப்புரிமை கேட்டார்கள். 1963இல் செல்லுலோஸ் அசிடேட்டை விட்டுவிட்டு ஏபிஎஸ் பிளாஸ்டிக்குக்கு மாறினார்கள். அதற்கு முந்தைய கட்டைகளில் பல இன்று வளைந்திருக்கும், ஒன்றோடொன்று சரியாகப் பொருந்தாது. வளைந்திருக்கிறதே என்று ஒதுக்காதீர்கள், அந்த வளைவே வயதுக்குச் சாட்சி.

கனமாக, கரிய அல்லது பழுப்பு நிறத்தில், தேய்த்தால் பள்ளிக்கூட ஆய்வகத்தை நினைவூட்டும் காரமான வாடையோடு இருந்தால் பேக்லைட். லியோ பேக்லண்ட் 1907இல் கண்டுபிடித்தது. பொம்மைகளில் குறைவு. 1939இல் வந்த வியூமாஸ்டர் படம்பார்க்கும் கருவியின் 1940களின் மாடல்கள் சில இதில் செய்யப்பட்டவை.

வாடை எதுவும் இல்லையா? சரி, இப்போது நகத்தால் தட்டுங்கள். கண்ணாடி போல "டிங்" என்று கணீரென ஒலித்தால் பாலிஸ்டைரீன். போருக்குப் பின் 1950கள் வரை வந்த கெட்டி பிளாஸ்டிக் கார்கள், விசில்கள், மிட்டாய் இயந்திரத்திலிருந்து விழும் குட்டித் தொங்கட்டான்கள் பலவும் இதுதான். பளபளப்பு அழகு, ஆனால் கீழே விழுந்தால் தெறித்துவிடும். தட்டினால் மந்தமாக ஒலித்து, தொட்டால் மெழுகு தடவியது போல வழவழத்து, நகம் பட்டால் கோடு விழுந்தால் அது பாலிஎத்திலீன். 1933இல் தற்செயலாகக் கிடைத்த இந்தப் பொருளின் கெட்டியான வகை 1950களில் வந்தது. அதில் செய்த ஹுலா ஹூப் வளையத்தை வாம்ஓ நிறுவனம் 1958இல் விற்கத் தொடங்கியதும் உலகமே இடுப்பை ஆட்டியது. பாலிஎத்திலீனா என்று சந்தேகம் வந்தால் தண்ணீரில் போடுங்கள். அது மிதக்கும், பாலிஸ்டைரீனும் ஏபிஎஸ்ஸும் மூழ்கும். உள்ளே கூடில்லாத, ஒரே துண்டான, ஸ்டிக்கர் ஒட்டாத பொருளுக்கு மட்டுமே இந்தச் சோதனை.

கடைசியாக, அழுத்தினால் அமுங்கும் வினைல். பிவிசியோடு மென்மையாக்கும் எண்ணெய் போன்ற ரசாயனத்தைக் கலந்தது. 1959இல் வந்த பார்பி முதல் எத்தனையோ பொம்மைகளின் முகம் இதுதான். வருடங்கள் போகப் போக அந்த ரசாயனம் மேலே கசிந்து பிசுபிசுக்கும், தூசியைப் பிடித்துக்கொள்ளும். பிசுக்கைத் துடைத்தால் போகும், ஆனால் திரும்ப வரும்.

படி 3: முதுகைப் படியுங்கள், ஆனால் அப்படியே நம்பாதீர்கள்

பொம்மையின் முதுகு, பாதம், அடிப்பாகம் ஆகிய இடங்களில் எழுத்து இருக்கும். புதிதாக வருபவர்கள் அங்கே ஓர் ஆண்டைப் பார்த்ததும் அதுவே செய்த ஆண்டு என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பெரும்பாலும் அது வடிவமைப்புக்கு உரிமை வாங்கிய ஆண்டு. 1980, 1990களில் செய்த பார்பிகளின் முதுகிலும் 1966 என்று இருக்கும். "1966 பார்பி" என்று எழுதி விற்பவர்களில் பலர் ஏமாற்றுக்காரர்கள் அல்லர், அவர்களுக்கே தெரியாது. காப்புரிமை எண்ணும் அப்படித்தான். அதற்கு முன்பு செய்திருக்க முடியாது என்று மட்டுமே அது சொல்லும்.

நாட்டின் பெயர் இன்னும் நம்பகமானது. 'ஆக்குபைட் ஜப்பான்' (ஆக்கிரமிப்பில் உள்ள ஜப்பான்) என்றிருந்தால் போருக்குப் பின், 1952க்குள் செய்தது. 'வெஸ்ட் ஜெர்மனி' என்றால் 1949க்கும் 1990க்கும் இடையில். 'எம்பயர் மேட்' என்று மட்டும் போட்டு நாட்டின் பெயரே இல்லாத மலிவுப் பொம்மைகளில் பெரும்பாலானவை 1950, 60களின் ஹாங்காங் சரக்கு.

அட்டைப்பெட்டி இருந்தால் அதிர்ஷ்டம். அமெரிக்க முகவரியில் ஐந்து இலக்க ஜிப் கோடு (நம் பின்கோடு போன்றது) இருந்தால் 1963 அல்லது அதற்குப் பின். அமெரிக்கக் கடைகளில் பார்கோடு 1974இல்தான் முதன்முதலாக ஸ்கேன் செய்யப்பட்டது. எனவே பெட்டியில் அது அச்சாகியிருந்தால் 1970களின் பிற்பாதி அல்லது அதற்கும் பின். முக்கோண அம்புகளுக்குள் எண் போட்ட மறுசுழற்சிக் குறி 1988இல் வந்தது. பாதுகாப்பு விதிகளுக்கு உட்பட்டது என்று காட்டும் ஐரோப்பாவின் சிஇ முத்திரை பொம்மைகளில் 1990 முதல். இந்த நான்கையும் மனப்பாடம் செய்துகொண்டால் "அறுபதுகளின் அபூர்வப் பொம்மை" என்று நீட்டப்படுவதில் கணிசமானதைப் பெட்டியைத் திருப்பிப் பார்த்தே திருப்பிக் கொடுத்துவிடலாம்.

படி 4: அச்சின் தடயங்களைப் பாருங்கள்

பத்து மடங்கு பெரிதாக்கும் பூதக்கண்ணாடி ஒன்று வாங்குங்கள். இந்தப் பொழுதுபோக்கில் கட்டாயம் வேண்டிய கருவி அது ஒன்றுதான். பொம்மையை வார்த்த இரண்டு பாதி அச்சுகள் சேரும் இடத்தில் மெல்லிய கோடு ஓடும். அச்சிலிருந்து பொம்மையைத் தள்ளிவிட்ட ஊசிகளின் வட்டத் தடம் உள்பக்கம் தெரியும். இவை குறையல்ல, இருக்க வேண்டியவை. கோட்டோரம் பிசிறு தள்ளி, முகத்தின் நுணுக்கம் மழுங்கியிருந்தால் தேய்ந்த அச்சில் பிற்காலத்தில் செய்ததாக இருக்கலாம். அச்சுகள் கைமாறுவது இந்தத் தொழிலில் சர்வசாதாரணம். அமெரிக்காவின் மார்க்ஸ் பொம்மை நிறுவனம் மூடிய பிறகு அதன் அச்சுகளை வாங்கியவர்கள் அதே சிப்பாய்ப் பொம்மைகளை வேறு நிறத்தில் மறுபடி வெளியிட்டார்கள். இவற்றைப் போலி என்று சொல்ல முடியாது. மறுவெளியீடு என்று தெரிந்து, அதற்கேற்ற விலையில் வாங்கினால் சரி.

உண்மையான போலி வேறு. அசல் பொம்மையைச் சிலிக்கோனில் அச்செடுத்து ரெசினில் வார்ப்பார்கள். அது அசலைவிடத் துளி சிறிதாக இருக்கும், மேலே ஊசிமுனை அளவில் காற்றுக்குமிழிகள் தெரியும். குட்டித் துப்பாக்கி, தொப்பி, வாள் போன்ற உதிரிகளில்தான் இது அதிகம், ஏனென்றால் முதலில் தொலைவது அவைதான். பெட்டியும் ஸ்டிக்கரும் போலியாக இருக்கலாம். பூதக்கண்ணாடியில் பார்த்தால் அச்சகத்தில் ஆஃப்செட் முறையில் அச்சான பழைய எழுத்தின் விளிம்பு கூர்மையாக இருக்கும்; ஸ்கேன் செய்து வீட்டு பிரிண்டரில் எடுத்ததில் எழுத்தே பொடிப்பொடிப் புள்ளிகளாகக் கலங்கித் தெரியும்.

படி 5: வாங்கும்போது

இணையத்தில் விலை பார்ப்பவர்கள், கேட்கும் விலையை விட்டுவிட்டு, விற்று முடிந்தவற்றின் விலையை மட்டும் பாருங்கள். படம் மூன்று போதாது. அடிப்பாகம், இணைப்புக்கோடு, பேட்டரி அறை ஆகியவற்றின் படங்களைக் கேளுங்கள். "வாடை ஏதாவது வருகிறதா, பிசுபிசுக்கிறதா?" என்றும் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்குபவரிடம் வாங்க வேண்டாம்.

முழு செட்டா என்று பார்ப்பதிலும் ஒரு சங்கதி உண்டு. மிஸ்டர் பொட்டேட்டோ ஹெட் 1952இல் வந்தபோது பெட்டியில் கண், மூக்கு, மீசை எல்லாம் இருந்தன, உடல் இல்லை. வீட்டில் இருக்கும் நிஜ உருளைக்கிழங்கில் குத்திக்கொள்ள வேண்டும். பிளாஸ்டிக் உருளைக்கிழங்கு 1964இல்தான் சேர்ந்தது. ஆக, முதல் காலத்துப் பெட்டியில் உடல் இல்லையே என்று பேரம் பேசினால் விற்பவர் உள்ளுக்குள் சிரிப்பார். இப்படிப்பட்ட விவரங்களுக்குப் பழைய விற்பனைக் கையேடுகளையும், அமெரிக்காவின் ராசெஸ்டர் நகரில் உள்ள ஸ்ட்ராங் அருங்காட்சியகம் போன்றவற்றின் இணையப் பட்டியல்களையும் துழாவுங்கள். நேரம் போவதே தெரியாது.

படி 6: கழுவுதல்

குறைவாகச் செய்வதே நல்லது. வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு சொட்டு மென்மையான சோப்பு, பழைய மெல்லிய டூத்பிரஷ். பெயிண்ட் அடித்த இடத்தில் பஞ்சு மட்டும். காகித ஸ்டிக்கர், இரும்பு அச்சாணி, சத்தம் எழுப்பும் உள்ளமைப்பு இருந்தால் முக்கவே கூடாது. செல்லுலாய்டையும் ஊறவைக்க வேண்டாம், ஈரத்துணியால் துடைத்து உடனே உலர்த்துங்கள். நெயில் பாலிஷ் போக்கும் அசிட்டோனைக் கிட்டேயே கொண்டுபோகாதீர்கள். பாலிஸ்டைரீனையும் ஏபிஎஸ்ஸையும் அது கரைத்துவிடும். பேட்டரி அறையில் ஆல்கலைன் பேட்டரி கசிந்து வெள்ளையாகப் பூத்திருந்தால், கையுறை போட்டுக்கொண்டு வினிகர் தொட்ட பஞ்சுக்குச்சியால் துடையுங்கள்.

மஞ்சளாகிப்போன வெள்ளைப் பிளாஸ்டிக்கை ஹைட்ரஜன் பெராக்சைடு பூசி வெயிலில் வைத்து வெளுக்கும் முறை ஒன்று பிரபலம். வீடியோவில் பார்க்க மாயாஜாலம்தான். ஆனால் மஞ்சள் திரும்ப வரக்கூடும், திட்டுத் திட்டாக வெளுக்கும் அபாயமும் உண்டு. என்னைக் கேட்டால், மஞ்சளை அப்படியே விடுங்கள்.

படி 7: வைக்கும் இடம்

பென்சில் டப்பாவில் ரப்பரை நெடுநாள் விட்டுவைத்தால் அது பிளாஸ்டிக் ஸ்கேலில் ஒட்டிக்கொண்டு உருக்கிய தடம் போடுமே, பொம்மை அலமாரியிலும் நடப்பது அதேதான். மென்மையான வினைலிலிருந்து கசியும் ரசாயனம் கெட்டிப் பாலிஸ்டைரீனைக் கரைக்கும். எனவே வினைல் சக்கரம், வினைல் பொம்மை எதுவும் கெட்டிப் பிளாஸ்டிக்கைத் தொடக் கூடாது. ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டாதீர்கள். உறைக்கு பாலிஎத்திலீன் அல்லது பாலிபுரொப்பிலீன் பை நல்லது, பிவிசி பை வேண்டாம். பழைய பார்பியின் உலோகத் தோட்டைக் கழற்றித் தனியே வையுங்கள். தாமிரம் காதில் பச்சையாக இறங்கிவிடும்.

அடுத்தது காற்று. செல்லுலாய்டும் செல்லுலோஸ் அசிடேட்டும் சிதையும்போது அமில ஆவியை விடும். அந்த ஆவி அடைபட்டால் சிதைவு இன்னும் வேகமாகும், பக்கத்து உலோகமும் துருவேறும். அவற்றைக் காற்றோட்டத்தில், மற்றவற்றிலிருந்து பிரித்து, அடுப்புக்கும் விளக்குக்கும் தூரத்தில் வையுங்கள். வினைலுக்கு நேர் எதிர்: மூடிய டப்பாவில் வைத்தால் கசிவு மெதுவாகும். இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டு மூடுவதைவிட மோசமான ஏற்பாடு இல்லை. வெயில், பரண், குளியலறைச் சுவர் மூன்றும் எல்லாப் பிளாஸ்டிக்குக்கும் ஆகாது.

இன்னொன்று, சேகரிப்பிலிருந்து எடுத்துச் சின்னப் பிள்ளைகளுக்கு விளையாடக் கொடுக்காதீர்கள். பழைய சிவப்பு, மஞ்சள் பிளாஸ்டிக்குகளிலும் பெயிண்டிலும் காட்மியமும் ஈயமும் இருக்கக்கூடும். இன்றைய பாதுகாப்பு விதிகளுக்கு முன்பு செய்தவை அவை. நீங்களும் கையாண்டபின் கை கழுவுங்கள்.

படி 8: ஒரு நோட்டு

ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண் கொடுத்து நோட்டிலோ எக்செல்லிலோ எழுதுங்கள்: என்ன பொருள், என்ன பிளாஸ்டிக், முத்திரையில் இருப்பது எழுத்துக்கு எழுத்து, எங்கே யாரிடம் வாங்கியது, என்ன விலை, என்ன நிலை. அடிப்பாகத்தோடு ஒரு படம். எண்ணைப் பொம்மையின் மேல் எழுதவோ ஒட்டவோ வேண்டாம், பையில் ஒரு துண்டுச்சீட்டாகப் போடுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் வெளியே எடுத்து, முகர்ந்து, தொட்டுப் பார்த்து, வினிகர் வாடையோ பிசுபிசுப்போ புதிதாகத் தெரிந்தால் தேதியோடு குறித்து, அந்தப் பொருளை அன்றே தனியாக எடுத்து வையுங்கள்.