முடிவு தெரியாமல் கதைச்சுருக்கம் எடுத்த வழி

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வெளியாகும் தமிழ்ப் படங்களுக்கு என் வலைப்பூவில் நாலு வரி அறிமுகம் எழுதுவேன். கொஞ்ச நாளாக எங்கே தேடினாலும் யார் வில்லன், யார் சாகிறார் என்பது வரை போட்டு உடைத்திருந்தார்கள்.

விமர்சனங்களில் தேடினேன். ‘ஸ்பாய்லர் இல்லை’ என்று தலைப்பு வைத்துவிட்டு மூன்றாம் பத்தியில் இடைவேளைத் திருப்பம் வந்துவிடும். விளம்பர வாசகங்களிலோ கதையே கிடையாது.

கைகொடுத்தது விக்கிப்பீடியாவின் ‘வரலாறு’ பக்கம்; ஒரு கட்டுரையின் பழைய பதிப்புகளெல்லாம் அங்கே தேதிவாரியாக இருக்கும். வெளியீட்டுக்கு முந்தைய பதிப்பைத் திறந்தால் பெரும்பாலும் கதைக்கரு மட்டும் இரண்டு வரியில் இருக்கும். இங்கே நேரம்தான் முக்கியம். சென்னை நம்மைவிட மூன்றரை மணி நேரம் முன்னால்; வெள்ளிக்கிழமை நாம் மதியச் சாப்பாட்டுக்கு எழுவதற்குள் அங்கே முதல் காட்சி முடிந்து முழுக்கதையும் ஏறிவிடும். அமெரிக்காவில் முந்தின நாளே சிறப்புக் காட்சி போடுவதும் உண்டு. அதனால் புதன்கிழமைப் பதிப்புக்கே போய்விடுகிறேன். நடிகர் பட்டியலும் அதிலிருந்துதான். கௌரவ வேடக்காரர் பெயரே பாதி ரகசியத்தைச் சொல்லிவிடுமே!

சரி, அதில் ஊகமும் கலந்திருக்கும். மேற்கோள் எண் இல்லாத வரியை விட்டுவிடுவேன். அப்புறம் பிரிட்டிஷ் திரைப்படத் தணிக்கை அமைப்பின் தளத்தில் உள்ள ஒரு வரி விவரத்தோடு ஒப்பிடுவேன். அங்கேயும் அந்த வரியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கீழே வன்முறையை விவரிக்கும் சாக்கில் கதையும் கசியலாம்.