மாற்று வரலாறு எழுதிப் பழகலாம்: 1942 ஏப்ரல், இலங்கைக் கடல்

சென்னையின் பழைய குடும்பங்களில் இன்றும் "எவாக்குவேஷன் சமயம்" என்ற பேச்சு வரும். 1942 ஏப்ரலில், ஜப்பான்காரன் வந்துவிடுவான் என்று ஊரே மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பியது. அரசு அலுவலகங்கள்கூட உள்மாவட்டங்களுக்கு இடம் மாறின. ஜப்பான்காரன் வரவில்லை. ஆனால் அன்று ரயில் ஏறியவர்களுக்கு "வந்தால்?" என்பது வெறும் கற்பனை இல்லை. எந்த வீட்டைப் பூட்டுவது, யாரை எங்கே அனுப்புவது என்று அவர்களை முடிவெடுக்க வைத்த கேள்வி அது.

நடந்ததில் ஒன்றை மாற்றி, பிறகு என்ன ஆகியிருக்கும் என்று யோசிப்பதுதான் மாற்று வரலாறு. அதை எழுத ஆசைப்படும் புதியவர்களுக்கு அந்த ஏப்ரலையே உதாரணமாக வைத்துச் சொல்லித் தருகிறேன். ஒரு நோட்டும் இந்தியப் பெருங்கடல் வரைபடமும் போதும்.

படி 1: கேள்வியைச் சுருக்குங்கள்

"ஜப்பான் போரில் ஜெயித்திருந்தால்?" என்று தொடங்காதீர்கள். அத்தைக்கு மீசை முளைத்தால் சித்தப்பா என்று பெரியவர்கள் ஒதுக்குவது இந்த மாதிரிக் கேள்விகளைத்தான். அவர்கள் ஒதுக்குவது நியாயமும்கூட. யார், எந்த நாளில், எதை மாற்றி முடிவு செய்திருந்தால் என்பது அதில் இல்லை.

அதிகாரம் உள்ள ஒருவர் முன்னால் நிஜமாகவே இரண்டு வழிகள் இருந்த இடத்தைத் தேடுங்கள். 1942 தொடக்கத்தில் ஜப்பானியக் கடற்படைத் திட்டக்காரர்கள் இலங்கையைப் பிடிக்க யோசனை வைத்தார்கள். தரைப்படை ஆள் தர மறுத்தது. அதன் கால் சீனாவில் சிக்கியிருந்தது. கண் மஞ்சூரியாவின் சோவியத் எல்லையில் இருந்தது. ஆக, நம் கேள்வி இதுதான்: தரைப்படை "சரி" என்று சொல்லியிருந்தால்?

படி 2: நடந்ததை முதலில் எழுதுங்கள்

நோட்டின் பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரியுங்கள். இடது பக்கம் நடந்தது மட்டும். வலது பக்கம் நம் கற்பனை. இதைத் தாண்டிக் குதித்துவிட்டு வலது பக்கம் எழுதப் போகிறவர்கள் பாதியிலேயே தடுக்கி விழுவார்கள்.

பிப்ரவரி 15, சிங்கப்பூர் விழுந்தது. மார்ச் 8, ரங்கூன். மார்ச் 23, அந்தமான். ஏப்ரல் 5 ஈஸ்டர் ஞாயிறு, கொழும்பு மீது விமானத் தாக்குதல். அதே நாளில் கார்ன்வால், டார்செட்ஷயர் என்ற இரண்டு பிரிட்டிஷ் குரூசர்கள் மூழ்கின. ஏப்ரல் 6, விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு. ஏப்ரல் 9, திருகோணமலை. மட்டக்களப்புக்கு அப்பால் பிரிட்டனின் ஹெர்மிஸ் விமானந்தாங்கி மூழ்கியது. பிறகு, தாக்கிய ஜப்பானிய விமானந்தாங்கிப் படையின் தளபதி நகுமோவின் கப்பல்கள் ஜப்பானுக்குத் திரும்பிவிட்டன. ஜூன் 4, பசிபிக் கடலின் மிட்வே தீவுச் சண்டை; அங்கே ஜப்பான் நான்கு விமானந்தாங்கிகளை இழந்தது.

தேதிகளோடு ஒரு காட்சியையாவது கிட்டே போய்ப் பாருங்கள். ஏப்ரல் 4. காலிக்குப் பக்கத்தில் இருக்கும் கொக்கல ஏரியிலிருந்து விடியுமுன் ஒரு கேடலினா விமானம் கிளம்புகிறது. கனடா விமானப்படையின் லெனர்ட் பர்ச்சல் ஓட்டுகிறார். நாள் முழுக்கச் சுற்றிவிட்டுத் திரும்பும் நேரத்தில் தெற்கே அடிவானத்தில் புள்ளிகள். கிட்டே போகிறார், கப்பல்களை எண்ண எண்ண, செய்தி அனுப்பப்படுகிறது. அனுப்பிக்கொண்டிருக்கும்போதே ஜப்பானின் ஜீரோ போர்விமானங்கள் சுட்டு வீழ்த்துகின்றன. ஒன்பது பேரில் ஆறு பேர் உயிரோடு கைதானார்கள். அந்தச் செய்தியால்தான் மறுநாள் காலைக்குள் கொழும்புத் துறைமுகத்திலிருந்து நிறையக் கப்பல்கள் வெளியேற முடிந்தது.

படி 3: ஒன்றை மட்டும் மாற்றுங்கள்

இங்கேதான் கை அரிக்கும். "பர்ச்சலின் செய்தியும் போய்ச் சேரவில்லை, பிரிட்டிஷ் கடற்படையும் அழிந்தது" என்று சேர்க்கத் தோன்றும். வேண்டாம். நாம் மாற்றியது டோக்கியோவில் ஒரு பதில், அவ்வளவுதான். மற்ற எல்லாம் அதிலிருந்து தானாக வந்தால் வரட்டும்.

படி 4: கப்பலையும் அரிசியையும் எண்ணுங்கள்

எனக்கு மிகவும் பிடித்த படி இது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் யாரோ விலை கொடுத்தாக வேண்டும். அது எங்கிருந்து வருகிறது என்று எழுதுங்கள்.

இரண்டு டிவிஷன் இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். முப்பதாயிரம் பேருக்கு மேல். அவர்களைச் சுமக்கும் கப்பல்கள் வேறு ஏதோ ஒரு வேலையிலிருந்து பிடுங்கப்பட்டவை. இறங்கிய பிறகு வானத்தைக் காக்க நகுமோவின் ஐந்து விமானந்தாங்கிகளும் வாரக்கணக்கில் அங்கேயே நிற்க வேண்டும். இடது பக்கத்தைத் திரும்பப் பாருங்கள். அந்த ஐந்தில் ஷோகாகு, ஸுய்காகு இரண்டும் மே தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவுக்கு வடகிழக்கே பவளக் கடல் சண்டையில் இருந்தன. அகாகி, சோர்யு, ஹிர்யு மூன்றும் ஜூனில் மிட்வேயில் மூழ்கின. இலங்கைக்குப் பக்கத்தில் நிற்கும் கப்பல் பவளக் கடலில் இருக்க முடியாது. ஆக, நியூகினியின் போர்ட் மோர்ஸ்பியைப் பிடிக்கும் திட்டம் தள்ளிப்போகும். மிட்வே அதே தேதியில் நடக்காது. மேற்கே கிடைத்ததற்கு ஜப்பான் கிழக்கே விலை கொடுக்கிறது.

அடுத்து அரிசி. இலங்கை அன்று சாப்பாட்டுக்கு இறக்குமதியை நம்பியிருந்த தீவு. பர்மா அரிசி பெரும்பங்கு. ரங்கூன் விழுந்ததுமே அந்த வழி அடைபட்டுவிட்டது. தீவைப் பிடித்தவன் சுமார் அறுபது லட்சம் வயிற்றுக்குப் பதில் சொல்ல வேண்டும். முதலில் பட்டினி கிடப்பது யார்? சொந்தமாக நெல் விளைவிக்க ஒரு பாத்திகூட இல்லாமல், ரேஷன் அரிசியில், தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் வாழ்ந்த தோட்டத் தொழிலாளர்கள். நம் ஊர்களிலிருந்து போன சனங்கள். மாற்று வரலாறு எழுதுகிறவர்கள் பெரும்பாலும் தளபதிகளோடு நின்றுவிடுகிறார்கள். நீங்கள் லயத்து வாசல் வரை போங்கள்.

மலாயா போன பிறகு நேச நாடுகளின் இயற்கை ரப்பருக்கு இலங்கைதான் பெரிய ஆதாரம் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் தீவை பிரிட்டன் சும்மா விட்டுவிடாது.

படி 5: எதிராளிக்கும் மூளை உண்டு

பிரிட்டிஷ் அட்மிரல் சோமர்வில், தாக்குதல் ஏப்ரல் 1 வாக்கில் வரும் என்று இலங்கைக்குத் தெற்கே காத்திருந்தார். வராததால் எண்ணெயும் தண்ணீரும் நிரப்ப மாலத்தீவின் அட்டு தீவுக்குப் போனார். அவருடைய போர்க்கப்பல்கள் பெரும்பாலும் முதல் உலகப்போர்க் காலத்தவை. பகலில் நகுமோவை நேருக்கு நேர் சந்திக்க அவர் விரும்பவில்லை. இரவில் அடிக்கத்தான் பார்த்தார். துருப்புக் கப்பல்கள் கரைக்குப் பக்கத்தில் நகராமல் நின்றால் அந்த இரவு அவருக்குக் கிடைக்கும்.

தரையில் இரண்டு ஆஸ்திரேலியப் பிரிகேடுகள் மத்தியக் கிழக்கிலிருந்து ஊர் திரும்பும் வழியில் இலங்கையில் நிறுத்தப்பட்டிருந்தன. நிஜத்தில் ஜூலையில் கிளம்பின. அதில் ஒன்றான 16-வது பிரிகேடு அந்த அக்டோபரில் நியூகினியின் கொக்கோடா மலைப்பாதையில் சண்டை போட்டது. நம் கதையில் அது கண்டி மலையில் மாட்டிக்கொள்கிறது. கொக்கோடாவுக்கு வேறு யாரை அனுப்புவார்கள்? மோர்ஸ்பி திட்டமே தள்ளிப்போனால் கொக்கோடா சண்டையே உண்டா? இப்படி ஒரு முடிச்சு இன்னொரு முடிச்சை இழுத்தால் சரியான பாதையில் போகிறீர்கள்.

படி 6: உறுதியின் அளவைச் சொல்லுங்கள்

வலது பக்கத்து வரிகளுக்கு மூன்று சொற்களே வைத்திருக்கிறேன்: நிச்சயம், அநேகமாக, இருக்கலாம். முதல் வாரத்தில் "நிச்சயம்" கொஞ்சம் வரும். மூன்றாம் மாதத்தில் "இருக்கலாம்" மட்டுமே மிஞ்சும். அதற்குமேல் நீட்டாதீர்கள். 1942-ல் தொடங்கி 1980 வரை ஒரே மூச்சில் போகிறவர் சொல்வது ஜோசியம்.

படி 7: அரசியல் மேஜை

அதே ஏப்ரலில் பிரிட்டிஷ் அரசு அனுப்பிய அமைச்சர் கிரிப்ஸ், இந்தியத் தலைவர்களோடு டெல்லியில் பேசிக்கொண்டிருந்தார். காங்கிரஸ் மறுத்தது, 12-ம் தேதி அவர் கிளம்பிவிட்டார். ஏப்ரல் 23 அன்று ராஜாஜி முன்னின்று, சென்னைச் சட்டமன்றக் காங்கிரஸாரைக் கொண்டு ஒரு தீர்மானம் நிறைவேற்றினார்: முஸ்லிம் லீகின் பிரிவினைக் கோரிக்கையை ஏற்று, தேசிய அரசு அமைக்க வழி தேட வேண்டும் என்று. அலகாபாத்தில் அகில இந்தியக் காங்கிரஸ் கமிட்டி அதை நிராகரித்தது. அதற்கு முன்பே ராஜாஜி செயற்குழுவிலிருந்து விலகியிருந்தார்.

இதில் ஜப்பானியப் படையை, தனுஷ்கோடிக்கு எதிர்க்கரையான தலைமன்னாரில் வைத்துப் பாருங்கள். அலகாபாத் தீர்ப்பு மாறியிருக்குமா? அநேகமாக இல்லை, பிரிவினை என்ற சொல்லே அங்கே பலருக்குத் தாங்கவில்லை. ஆனால் ராஜாஜியின் பின்னால் சென்னை மாகாணத்தில் கூட்டம் பெருத்திருக்கலாம். ஆகஸ்ட் 8-ன் "வெள்ளையனே வெளியேறு" தீர்மானம் என்ன ஆகியிருக்கும் என்பதில் நான் பல தடவை மாறி மாறி எழுதியிருக்கிறேன். இப்போதைக்கு என் நோட்டில் இருப்பது: பிரிட்டன் காத்திருக்காமல் மே மாதமே தலைவர்களைக் கைது செய்திருக்கலாம். உங்களுக்கு வேறு விடை கிடைத்தால், படி 4 போலக் காரணத்தை எண்ணிக் காட்டுங்கள்.

படி 8: ஒரு ஆளிடம் தொடங்குங்கள்

நோட்டு நிறைந்ததும் அதை மூடிவிட்டு எழுத உட்காருங்கள். முதல் பக்கத்தில் தளபதி வேண்டாம். என் முதல் பக்கம் தனுஷ்கோடியில் தொடங்குகிறது. இலங்கைக் கப்பலுக்கு ஆட்களைக் கொண்டுவரும் போட் மெயில் ரயில் வந்து நிற்கிறது. தலைமன்னாருக்குக் கப்பல் ஏற வேண்டியவர்கள் பெட்டியும் படுக்கையுமாக இறங்குகிறார்கள். அக்கரைக்கு இன்று கப்பல் இல்லை என்கிறார் அதிகாரி. "நாளைக்கு உண்டாங்கய்யா?" என்று கேட்கிறாள் ஒருத்தி. அவள் புருஷன் மாத்தளையில் ரப்பர் தோட்டத்தில் இருக்கிறான்.