வெளிமாநிலத்தில் பழைய கார் வாங்குகிறீர்களா?

பெங்களூருவில் ஒருவர் விற்கும் காரைச் சென்னையில் இருந்தபடி வாங்குகிறீர்கள் என்றால், படத்தை மட்டும் நம்பி அட்வான்ஸ் அனுப்பவே அனுப்பாதீர்கள். முதலில் வண்டி எண்ணை வாங்கிப் மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் பாருங்கள். இன்சூரன்ஸ் தேதி, கடன் விவரம் தெரிந்துவிடும். இ-சலான் (போக்குவரத்து அபராதம்) பாக்கியையும் பார்த்துவிடுங்கள். கடன் இருந்தால் வங்கியின் தடையில்லாச் சான்றும் கடன் முடிந்ததைக் காட்டும் படிவம் 35-உம் இல்லாமல் பேச்சே வேண்டாம்.

அப்புறம், தெரிந்த மெக்கானிக்கோடு பகலில் நேரில் போங்கள். விற்பவரின் வீட்டிலேயே வண்டியைப் பார்ப்பது நல்லது. வண்டியில் பொறித்திருக்கும் சேஸிஸ் எண்ணை ஆர்.சி.யோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். இதில் மட்டும் அவசரம் கூடாது.

வண்டியை உங்கள் பெயருக்கு மாற்ற, படிவம் 29, 30-இல் விற்பவரிடம் கையெழுத்து வாங்குங்கள். அங்குள்ள ஆர்.டி.ஓ.வின் தடையில்லாச் சான்றும் (படிவம் 28) வேண்டும். தமிழ்நாட்டில் சாலை வரி மறுபடி கட்ட வேண்டியிருக்கும். விலை பேசும்போதே அதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.